காவலில் ஊருக்கு என்ன இடம்?

கீரனூர் வட்டாரம் கண்ட நிகழ்வுகளின் வழியே சமூகக் காவலும் காவல்துறை மறுசீரமைப்பும்

ஊர் மக்களும் உள்ளூர்க் காவல் நிலையமும் சேர்ந்து ஊரின் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ளும் முறைக்குச் சமூகக் காவல் என்று பெயர். குற்றம் நடந்தபின் ஆளைப் பிடிப்பது காவல்துறையின் பாதி வேலைதான். எந்தத் தெருவில் எதற்காகச் சண்டை மூள்கிறது, எந்த வளைவில் அடிக்கடி விபத்து நடக்கிறது, எந்த வீட்டில் அடிவாங்கும் பெண் புகார் கொடுக்கப் பயந்து கிடக்கிறாள் என்பதெல்லாம் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஊரின் துணை வேண்டும். துணை நிற்கும் ஊருக்கு ஸ்டேஷன் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி விடுபட்டால் மிச்சமிருப்பது ஆள் காட்டும் வேலை மட்டுமே; அதற்குச் சமூகக் காவல் என்று பெயர் வைக்க முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரனூர், இந்த விஷயத்தைப் படிப்பதற்குப் பொருத்தமான ஊர். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் தொட்டுச் செல்லும் பேரூராட்சி. குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். சட்டம் ஒழுங்கு காவல் நிலையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், துணைக் கண்காணிப்பாளர் அலுவலகம் மூன்றும் இங்கே உண்டு. சுற்றிலும் வானம் பார்த்த பூமி; ஆடும் மாடும்தான் பல குடும்பங்களுக்குக் கைமுதல். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா, தை பிறந்தால் மாவட்டம் முழுக்க ஜல்லிக்கட்டு, இடையிடையே கோயில் முதல்மரியாதைத் தகராறு, எல்லைத் தகராறு, மணல் திருட்டு, நெடுஞ்சாலை விபத்து என்று வேலை ஓய்வதில்லை. பெருநகரத்துக்காக வகுக்கப்பட்ட காவல் திட்டங்கள் கிராமத்துக்கு வரும்போது எங்கே பொருந்துகின்றன, எங்கே இடறுகின்றன என்பதை இப்படிப்பட்ட வட்டாரத்தில்தான் தெளிவாகக் காணலாம்.

பாடிகாவல் முதல் தலையாரி வரை

ஊரே தன் காவலைப் பார்த்துக்கொண்ட காலத்தின் சான்றுகள் இந்த மண்ணிலேயே கல்லில் கிடக்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-ல் தொகுத்து வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ பற்றிய செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஊரார் கூடி, அரையர் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர் ஒருவருக்குக் காவல் உரிமையைக் கொடுப்பார்கள். அவர் ஊரையும் பயிரையும் கால்நடையையும் காக்க வேண்டும். பதிலுக்கு விளைச்சலில் பங்கும் பிற உரிமைகளும் அவருக்கு உண்டு. பிற்காலப் பாண்டியர் ஆட்சி தளர்ந்த நூற்றாண்டுகளில் அடைக்கலம் தருவதை அறிவிக்கும் ‘ஆசிரியம்’ கற்களும் இந்தப் பகுதியில் நடப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. காவல்காரர் ஊருக்குத் தெரிந்தவர். களவு போனதை மீட்டுத் தரவோ ஈடு கட்டவோ கடமைப்பட்டவர். ஆனால் அவரைக் கேள்வி கேட்க ஊருக்கு மேலே வேறு அமைப்பு கிடையாது. தென் மாவட்டங்களில் களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துத் தர ‘துப்புக்கூலி’ கேட்கும் வழக்கம் வளர்ந்தபோது, காப்பவருக்கும் கவர்பவருக்கும் இடையிலான கோடு பல ஊர்களில் அழிந்தது. ஊரின் பெயரால் நடக்கும் காவல் ஊரில் வலுத்தவரின் காவலாக மாறிவிடும் ஆபத்து அன்றிலிருந்தே உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களின் காவல் உரிமைகளைப் பறித்தது. 1816-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் அரசின் காவல் அமைப்புக்குள் கொண்டுவந்தது. 1859-ம் ஆண்டின் 24-வது சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளம் வாங்கும், சீருடை அணிந்த, மேலதிகாரிக்கு மட்டுமே கட்டுப்பட்ட காவல் படையை உருவாக்கியது. லண்டன் மாநகரில் 1829-ல் ராபர்ட் பீல் தொடங்கிய போலீஸ் மக்களின் சம்மதத்தை நம்பி இயங்க முயன்றது. காலனி நாட்டில் அமைக்கப்பட்ட போலீஸுக்கு அந்தத் தேவையே எழவில்லை. பின்னாளில் குற்றப் பரம்பரைச் சட்டம் முழு முழுச் சாதிகளையே சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் ஒழிந்தாலும், ‘போலீஸ் வந்தால் ஊருக்கு ஆகாது’ என்ற நினைப்பு அதோடு ஒழிந்துவிடவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் மிஞ்சியிருந்த பழைய கண்ணி, பரம்பரைக் கிராம அலுவலர்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் முறையைக் கொண்டுவந்தது. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்ல மாற்றம். ஆனால் ‘ஊருக்குள் புதிதாக யார் வந்திருக்கிறார்கள், எங்கே புகைகிறது’ என்று ஸ்டேஷனுக்குச் சொல்லி வந்த ஏற்பாட்டின் இடத்தில் வேறொன்று முறையாக அமையவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சிகளே அதற்குப் பின் வந்த சமூகக் காவல் திட்டங்கள்.

வட்டாரம் கண்ட மூன்று நிகழ்வுகள்

2021 நவம்பர் 21 அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். ஆடுகளைத் திருடிக்கொண்டு இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் நிறுத்தாமல் போகவே, தன் வண்டியில் விரட்டினார். துரத்தல் மாவட்ட எல்லையைத் தாண்டி, கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டி வரை நீண்டது. கடைசியில் தனி ஆளாகப் போய் மடக்கினார். துணைக்கு ஆள் வந்து சேர்வதற்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். கீரனூர் காவல் நிலையத்தில் வழக்கு பதிவாகி, இளைஞர் ஒருவரும் இரண்டு சிறாரும் பிடிபட்டனர். அரசு அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. ரோந்து செல்லும் காவலர்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது பற்றியும் பேசப்பட்டது.

துப்பாக்கியைப் பற்றிய பேச்சில் மற்ற இரண்டு கேள்விகள் அமுங்கிவிட்டன. ஆடு திருட்டு கிராமத்தில் சின்னக் குற்றமில்லை. பட்டியில் கட்டியிருக்கும் ஆடுகள்தான் பிள்ளையின் படிப்புச் செலவு, மகளின் கல்யாணச் செலவு. அப்படியிருந்தும் அந்தத் திருட்டுக்குப் பல ஸ்டேஷன்களில் மனு ரசீதுக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. திருடுபவர்களுக்கோ மாவட்ட எல்லை ஒரு தடையில்லை. ஓரிடத்தில் திருடி, இன்னோரிடத்துச் சந்தையில் விற்று, மூன்றாவது இடத்தில் பதுங்கலாம். ஸ்டேஷன்களுக்கு எல்லை உண்டு, பதிவேடுகளுக்கு எல்லை உண்டு, இரவு ரோந்துக்கும் எல்லை உண்டு. திருச்சி சரகத்துக்குள் இருக்கும் இரண்டு பக்கத்து மாவட்டங்களின் எல்லையோர ஸ்டேஷன்கள் ஒரே கண்ணியாக இயங்கியிருந்தால், அந்த இரவில் ஒரு காவலர் தனி ஆளாக நின்றிருக்க வேண்டியதில்லை. மறுசீரமைப்பு என்பது இந்த அளவில்தான் உயிர்ப் பிரச்சினையாகிறது.

அடுத்த மாதமே இரண்டாவது நிகழ்வு. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். அப்போது பாய்ந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சை மருத்துவமனையில் அவன் இறந்தான். மக்கள் மறியலில் இறங்கினர். தளத்தை மூட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. பாதுகாப்புப் படைகள் பயிற்சி செய்யும் இடத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி ஒரு குரல் இருக்க வேண்டும். சுடும் நாள்கள் எவை, எச்சரிக்கை எப்படி வரும், தடுப்புச் சுவர் போதுமா என்று கேட்க ஊராட்சிக்கு ஓர் இடம் வேண்டும். சமூகக் காவல் என்றால் மக்கள் போலீஸுக்கு உதவுவது என்று மட்டும் எண்ணிப் பழகியதால், போலீஸ் மக்களிடம் கேட்க வேண்டிய விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன.

மூன்றாவது, தமிழ்நாடே அறிந்த வேங்கைவயல். அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சியில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. மறுநாள் ஆட்சியர் கவிதா ராமுவும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் நேரில் வந்தபோதுதான், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்பதும் மக்களின் வாயிலிருந்து புகாராக வந்தன. ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. தொட்டி வழக்கு வெள்ளனூர் காவல் நிலையத்திலிருந்து 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. 2025 ஜனவரியில் அந்த அமைப்பு அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை.

வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் கையில். ஆனால் அந்த ஊரின் அன்றாடம் சொல்லும் செய்தி வேறு. இரட்டைக் குவளை கண்மறைவான குற்றமில்லை. தினமும் கடைவாசலில் எல்லோர் கண்ணெதிரே நடப்பது. அது புகாராக மாற ஆட்சியரும் எஸ்.பி.யும் வர வேண்டியிருந்தது என்றால், அந்த மக்களுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் நம்பகமான பாதை ஒன்றும் இருந்திருக்கவில்லை. புலனாய்வு தாமதமானதற்கும் அதன் முடிவை மக்கள் நம்ப மறுப்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

திருச்சியின் பீட் முறை

கீரனூருக்குப் பக்கத்து நகரமான திருச்சியிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பிந்தைய பதற்றமான காலத்தில், 1999-ல் திருச்சி மாநகரக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஜே.கே.திரிபாதி, மாநகரத்தைச் சிறுசிறு ‘பீட்’களாகப் பிரித்தார். ஒவ்வொரு பீட்டுக்கும் குறிப்பிட்ட காவலர்கள். அவர்கள் அந்தத் தெருக்களுக்கே உரியவர்கள். அடிக்கடி மாற்றப்பட மாட்டார்கள். பெயரும் முகமும் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதுவரை மேலதிகாரி சொன்னதைச் செய்வதே வேலையாக இருந்த இரண்டாம் நிலைக் காவலர், தன் பகுதியின் சிக்கலைத் தானே கண்டறிந்து தீர்வு தேடும் பொறுப்புக்கு வந்தார். பெயர் சொல்லப் பயப்படுவோருக்காகப் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளைக் காவல்துறையே தத்தெடுத்து, குடிநீர், படிப்பு, வேலை போன்ற தேவைகளுக்காகப் பிற துறைகளிடம் பேசியது.

இதில் புதிய கட்டடமோ பெரிய நிதியோ கிடையாது. மாறியது காவலரின் வேலைப் பங்கீடு. போலீஸ் படிநிலையில் கடைசியில் நிற்பவரை மக்களோடு உள்ள உறவில் முதலில் நிறுத்தியதே அந்தத் திட்டத்தின் சாரம். அதன் குறையும் வெளிப்படையானது. ஒரு நல்ல அதிகாரி வரும்போது வந்து, அவர் மாற்றலாகும்போது மங்கிப்போகும் திட்டம் அமைப்பாக மாறாது.

‘காவல்துறை நண்பர்கள்’: 1993 முதல் 2020 வரை

தமிழ்நாட்டின் மிகப் பரந்த சமூகக் காவல் முயற்சி ராமநாதபுரத்தில் தொடங்கியது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த காவல் அதிகாரி பிரதீப் வி.பிலிப், 1993-ல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தபோது ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களில் விருப்பமுள்ளோர் தகவல் தருவது, இரவு ரோந்தில் துணைபோவது, திருவிழாக் கூட்டத்தையும் போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்துவது, ஸ்டேஷனுக்கு வரத் தயங்குவோருக்குப் பாலமாக நிற்பது ஆகியவை அதன் நோக்கங்கள். அடுத்த ஆண்டே அரசு அதை மாநிலம் முழுவதும் விரித்தது. 2002-ல் பிரிட்டனில் காவல் பயிற்சிப் புத்தாக்கத்துக்கான அரசியார் விருதும் அதற்குக் கிடைத்தது. சிறிய ஊர்களில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர் இதில் சேர்ந்தனர். சீருடைப் பணியில் சேரும் ஆசைக்கு இது முதற்படி என்று நம்பினார்கள்.

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அது ஒரே மாதத்தில் சரிந்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்குக் காலத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே கொடூரமாகத் தாக்கப்பட்டு, கோவில்பட்டி சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, பின்னர் சி.பி.ஐ. விசாரித்தது. காவல்துறை நண்பர்கள் சிலரும் அந்த வன்முறையில் சேர்ந்திருந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலை 8 அன்று தமிழ்நாடு அரசு அந்த அமைப்பை மாநிலம் முழுவதும் தடை செய்தது. அப்போது காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்தவர், திருச்சியில் பீட் முறையைக் கட்டிய அதே திரிபாதி.

அமைப்பு வழிதவறியதற்கான காரணம் அதன் பிறப்பிலேயே இருந்தது. ஊர்க்காவல் படைக்கு 1963-ம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. அதில் சேர்பவருக்குப் பயிற்சி, கட்டளை வரிசை, பொறுப்பு எல்லாம் வரையறுக்கப்பட்டவை. காவல்துறை நண்பர்களுக்கு அப்படி ஒரு சட்ட வேலி இல்லை. எதைச் செய்யலாம் என்பது பட்டியலிடப்பட்டது. எதைச் செய்யக் கூடாது, செய்தால் யார் பதில் சொல்வது என்பது உறுதியாக எழுதப்படவில்லை. ஆள் பற்றாக்குறையில் தவித்த ஸ்டேஷன்கள் தன்னார்வலரைச் சம்பளமில்லாத கூடுதல் கையாகப் பயன்படுத்திக்கொண்டன. வாகனச் சோதனையில் ஆவணம் கேட்பதும் விசாரணை அறைக்குள் போவதும் இப்படித்தான் பழக்கமாயின. மக்களின் பிரதிநிதியாகக் காவல் நிலையத்துக்குள் போனவர், நாளடைவில் காவல் நிலையத்தின் பிரதிநிதியாக மக்களிடம் வந்தார்.

சட்டம் ஒரு சாதாரணக் குடிமகனுக்குத் தரும் இடம் தெளிவானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 31-வது பிரிவு, தப்பியோடுபவரைப் பிடிக்கவும் அமைதி குலைவதைத் தடுக்கவும் கேட்கும்போது உதவுவதைக் கடமையாக்குகிறது. 33-வது பிரிவு கொடிய குற்றங்களைப் பற்றித் தகவல் தருவதைக் கடமையாக்குகிறது. 40-வது பிரிவு, கண்ணெதிரே கொடுங்குற்றம் செய்பவரைப் பிடித்து ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க அனுமதிக்கிறது. விசாரிப்பதற்கோ, சோதனையிடுவதற்கோ, அடிப்பதற்கோ யாருக்கும் அதில் இடமில்லை. எந்தச் சமூகக் காவல் திட்டமும் இந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும்.

மேலிருந்து வந்த மறுசீரமைப்பு

காவல்துறையை மாற்றியமைக்கும் முயற்சிகள் தமிழ்நாட்டில் குறைவில்லை. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று மாநிலம் முழுவதும் 200-க்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்திருக்கிறது. கீரனூர் போன்ற ஊர்களில் குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்றவற்றுக்குப் புகார் வருவது இந்த நிலையங்களால்தான் அதிகரித்தது. 2022 ஜனவரி 1 முதல் சென்னைப் பெருநகரக் காவல், சென்னை, தாம்பரம், ஆவடி என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தது. காவலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரும் ஆணை 2021-ல் வந்தது. நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் மாநிலத்தின் ஐந்தாவது காவல் ஆணையம் 2022-ல் அமைந்தது. எல்லை வரைவதும் பதவி உருவாக்குவதும் எளிதில் நடக்கின்றன. பொறுப்புக்கூறல் மட்டும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போகிறது.

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஏழு கட்டளைகளுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் குறைந்தது இரண்டாண்டு பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, இடமாற்றத்தை அரசியல் தலையீட்டிலிருந்து காக்கும் வாரியம், காவலர்கள் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. மாவட்ட அளவிலான புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்பது உச்சநீதிமன்றத்தின் கருத்து. மாநிலச் சட்டமோ ஆட்சியரைத் தலைவராகவும் காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. காவலர் மீதான புகாரைக் காவல் அதிகாரியே அமர்ந்து கேட்கும் ஏற்பாட்டை நம்பி, பள்ளத்துப்பட்டியிலிருந்தோ முத்துக்காட்டிலிருந்தோ ஒருவர் பேருந்து ஏறி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பதவிக்காலமும் இதோடு சேர்ந்ததுதான். ஓர் ஆய்வாளருக்குத் தன் எல்லைக்குட்பட்ட கிராமங்களின் கோயில் வழக்கம், கண்மாய்த் தகராறு, ஜல்லிக்கட்டு விழாக் குழுவின் உள்பகை எல்லாம் பிடிபடவே ஒரு வருடம் ஆகும். பிடிபட்ட பிறகாவது அவர் அங்கே இருந்தால்தான் அந்த அறிவு ஊருக்குப் பயன்படும்.

அண்டை மாநிலமும் அயல்நாடும்

கேரளம் 2008 மார்ச்சில் 20 காவல் நிலையங்களில் ‘ஜனமைத்ரி சுரக்ஷா’ திட்டத்தைத் தொடங்கியது. பீட் அலுவலர் தன் எல்லையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று குடும்பத்தோடு அறிமுகமாக வேண்டும். ஸ்டேஷன் அளவில் குடிமக்கள் குழு கூட வேண்டும். குற்றப் பின்னணி உள்ளவர்களுக்குக் குழுவில் இடமில்லை. 2011-ம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டத்திலேயே சமூகத் தொடர்புக் குழுவுக்கு இடம் தரப்பட்டது. தமிழ்நாட்டுத் திட்டங்களுக்குக் கிடைக்காத வலு இதுதான். அதிகாரி மாறினாலும் சட்டம் நிற்கிறது.

சிங்கப்பூர் 1983-ல், ஜப்பானின் ‘கோபான்’ எனும் தெருமுனைக் காவல் சாவடிகளைப் பின்பற்றி, தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடியைத் திறந்தது. 1997 முதல் அவற்றை அக்கம்பக்கக் காவல் நிலையங்களாகப் பெரிதாக்கி, புகார் வாங்குவது முதல் ரோந்து வரை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து வாழும் குடியிருப்புகளில், பேசும் மொழி புரிந்த காவலர் அருகில் இருப்பது நம்பிக்கைக்கு முதல் நிபந்தனை என்பதை அந்த நாடு உணர்ந்திருந்தது.

அந்த நிபந்தனை நிறைவேறாதபோது நேர்வதற்கு இலங்கையின் வடக்கும் கிழக்கும் சாட்சி. 1987-ல் வந்த 13-வது திருத்தச் சட்டம் மாகாணங்களுக்குக் காவல் அதிகாரத்தை எழுத்தில் தந்தது; நடைமுறையில் அது பகிரப்படவே இல்லை. தமிழில் முறையிட வந்தவரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும் நிலை பல்லாண்டு நீடித்தது. வட அயர்லாந்திலோ 1999-ல் வந்த பேட்டன் அறிக்கையை ஒட்டி, 2001-ல் பழைய படைக்கு மாற்றாகப் புதிய காவல் சேவை உருவாக்கப்பட்டது. பத்தாண்டு காலம் புதிய ஆள்சேர்ப்பில் பாதிக்குப் பாதி கத்தோலிக்கருக்கு என விதி இருந்தது. பிளவுபட்ட சமூகத்தில் காவல் நிலையம் எல்லோருக்கும் பொதுவானது என்று காட்ட அத்தனை பெரிய மாற்றம் தேவைப்பட்டது.

எந்தச் சமூகத்தின் காவல்?

சாதியால் பிரிந்த கிராமத்தில் ‘சமூகம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தாக வேண்டும். ஸ்டேஷனில் கூட்டம் என்றால் முன்வரிசையில் வந்து உட்காருபவர்கள் ஊர்ப் பெரியவர்கள், விழாக் குழுவினர், கட்சிப் பொறுப்பாளர்கள், ஒப்பந்ததாரர்கள். காலனித் தெருவிலிருந்து ஒருவர் வந்தாலும் அவர்கள் முன்னால் இரட்டைக் குவளையைப் பற்றிப் பேச மாட்டார். கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழித்தாக வேண்டும் என்று 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரட்டைக் குவளை முறையையும் கடுமையாகக் கண்டித்து, தடுக்கத் தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஊரை அழைத்துக் குழு அமைக்கிறோம் என்ற பெயரில் அதே கட்டப்பஞ்சாயத்து ஸ்டேஷன் வாசலில் கூடிவிடக் கூடாது.

ஒதுக்கப்பட்டவர்களை முன்னிறுத்தி அரசு நடத்திய வெற்றிகரமான மக்கள் இயக்கம் புதுக்கோட்டைக்குப் புதிதில்லை. 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்த பெண்களும் எழுதப் படித்ததோடு ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். யாருடைய துணையும் இல்லாமல் வெளியே போய்வரும் உரிமையை அந்தச் சைக்கிள் தந்தது. அங்கே தொண்டர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். கற்பவரின் வேலை முடிந்த இரவு நேரத்தில், கற்பவர் இருக்கும் இடத்திலேயே வகுப்பு நடந்தது. காவலும் அப்படிப் போக வேண்டியிருக்கிறது. காலனிக்கும், செங்கல் சூளைக்கும், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கும் காவலர் போய்ப் பேசினால் கிடைக்கும் செய்தி, ஸ்டேஷன் கூட்டத்தில் கிடைக்காது.

ஸ்டேஷன் அளவில் செய்ய வேண்டியவை

முதலாவது, பீட். ஒவ்வொரு ஊராட்சிக்கும் பெயர் குறிப்பிட்ட காவலர் ஒருவர், குறைந்தது இரண்டாண்டுக்கு. அவருடைய பெயரும் எண்ணும் ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் பள்ளியிலும் காலனித் தெருவிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். திருவிழா பந்தோபஸ்து, விஐபி பாதுகாப்பு என்று அவரை நாள்தோறும் வேறிடத்துக்கு இழுத்தால் இந்த முறை பெயரளவில் நின்றுவிடும்.

இரண்டாவது, எல்லை. திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் எல்லையோர ஸ்டேஷன்கள் இரவு ரோந்து நேரத்தையும் ஆடு மாடு திருட்டுப் பதிவுகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரவில் எந்தக் காவலரும் தனியாக ரோந்து போகக் கூடாது. கால்நடைத் திருட்டை முதல் தகவல் அறிக்கையாகவே பதிய வேண்டும். கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றிய தகவல் வந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கும் உரிமையைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு உறுதிசெய்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

மூன்றாவது, குழு. அதன் அமைப்பும் வரம்பும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும், பட்டியல் சாதியினர் தங்கள் மக்கள்தொகைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். கூட்டம் ஸ்டேஷனில் மட்டும் நடக்காமல் ஊர் ஊராக நடக்க வேண்டும். உறுப்பினர் எவருக்கும் சீருடையோ, லத்தியோ, விசாரணை அறைக்குள் நுழையும் அனுமதியோ கூடாது. அவர்களுடைய வேலை தகவல் தருவதும், கேள்வி கேட்பதும், பதில் பெறுவதும். சுடும் தளம், ஜல்லிக்கட்டுத் திடல், கோயில் ஊர்வலப் பாதை போன்றவற்றில் முடிவெடுக்கும் முன் அவர்களிடம் கேட்பது காவல்துறையின் கடமையாக வேண்டும்.

நான்காவது, பொறுப்புக்கூறல். கைதானவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஸ்டேஷன் முழுவதும் கண்காணிப்பு கேமரா வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இவை நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் உரிமை குழுவுக்கு இருக்க வேண்டும். மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதியை அமர்த்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

கடைசியாகக் காவலர். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்று வேலை பார்த்துவிட்டு, வார ஓய்வும் உறுதியில்லாமல் இருப்பவரிடம் பரிவை எதிர்பார்ப்பது கடினம். எண்ணிக்கையில் முழுமையான ஸ்டேஷன், உறுதியான ஓய்வு, தங்கும் வீடு, பீட் பணியைக் கணக்கில் எடுக்கும் பதவி உயர்வு ஆகியவை இருந்தால்தான் ஏட்டும் காவலரும் ஊரோடு பேச நேரம் பெறுவார்கள். மனித மாண்பு காவலருக்குக் கிடைத்தால்தான் அது அவரிடமிருந்து மக்களுக்கும் போகும்.

மாநிலத்தில் 1,300-க்கும் மேற்பட்ட சட்டம் ஒழுங்கு நிலையங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கீரனூரைப் போன்ற ஊர்களைத்தான் காக்கின்றன. மறுசீரமைப்பின் வெற்றி ஆணையரகங்களின் எண்ணிக்கையில் தெரியாது. ஆட்டை இழந்த பெண் ஒருத்தி யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். நகலோடு திரும்புகிறாளா, காலனித் தெரு இளைஞன் தன் பீட் காவலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புகார் சொல்கிறானா என்பவைதான் அதன் அளவுகோல்கள். இவற்றுக்குச் சட்டமும் தீர்ப்பும் முன்னனுபவமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றை ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுவருவது அரசின் பொறுப்பு, வந்து சேர்கின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பது மக்களின் பொறுப்பு.